வாசகர் கடிதத்தில் நம் கடை

காலையில் ஷட்டரைத் தூக்கி, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தால், நம்மில் பலருக்குக் கை முதலில் போவது பத்திரிகைக்குத்தான். மாதப் பிறப்பென்றால் நூல் விலை ஏறியதா, இறங்கியதா என்று பார்ப்போம். மற்ற நாட்களில் அரசியலை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு வாசகர் கடிதத்துக்கு வந்துவிடுவோம். ஒரு கடையில் வாங்கும் பத்திரிகையை அக்கம்பக்கத்து நாலு கடைக்காரர்களும், டீ கொண்டு வருகிறவரும், சுமை தூக்குகிறவர்களும் படிப்பது திருப்பூர்க் கடைவீதிகளின் வழக்கம். அத்தனை கை மாறிய பிறகு மத்தியானம் எல்லோரும் சொல்லிச் சிரிப்பது பெரும்பாலும் ஏதாவது ஒரு கடிதத்தைப் பற்றித்தான் இருக்கும்.

முதல் பக்கத்தில் வருவது டெல்லியும் சென்னையும். கடிதப் பகுதியில் வருவது நம் தெரு. பகலெல்லாம் எரிந்துவிட்டு இரவில் ஓய்வெடுக்கும் தெருவிளக்கு, நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் நாற்பதடி தள்ளி நின்று வயதானவர்களை ஓடவைக்கும் டவுன் பஸ், குழாய் பதிக்கத் தோண்டி மூடிய மறுவாரமே கேபிள் பதிக்கத் தோண்டப்படும் ரோடு, கல்யாண மண்டபப் பந்தியில் சாப்பிடுகிறவர் எழுவதற்கு முன்பே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் நிற்கும் உறவினர். தினமலர் வாரமலரில் ‘இது உங்கள் இடம்’ பகுதியைப் படித்தவர்களுக்கு இந்த ருசி தெரியும். பெரிய எழுத்தாளர் யாரும் எழுதுவதில்லை. பஸ்ஸில் போனவரும் கடைக்குப் போனவரும் கண்டதைக் கண்டபடி எழுதுகிறார்கள். அதில்தான் சுவை.

வாசகர் கடிதத்தில் வியாபாரி இரண்டு வேஷத்தில் வருவார். ரோடு சரியில்லை, கரண்ட் இல்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று எழுதுகிறவர் பல சமயம் நம் சங்கத்துக்காரர். நடைபாதையை அடைத்தார், சில்லறை தரவில்லை, எடை குறைந்தது என்று யாரைப் பற்றி எழுதுகிறார்களோ அவரும் நம் சங்கத்துக்காரர். முதல் வகைக் கடிதத்தை நறுக்கி வைத்துக்கொள்கிறோம். இரண்டாவது வகை வந்த அன்று மட்டும் பத்திரிகை கடையில் காணாமல் போய்விடுகிறது.

சில்லறை விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு ரூபாய் பாக்கிக்கு மிட்டாய் கொடுப்பதைப் பற்றி வந்த கடிதங்களைச் சேர்த்துக் கட்டினால் ஒரு பண்டல் தேறும். அவற்றில் ஒன்றை மறக்க முடியாது. ஒரு வாசகர், மாதக்கணக்கில் மளிகைக் கடையில் கொடுத்த மிட்டாய்களையெல்லாம் தின்னாமல் ஒரு டப்பாவில் சேர்த்து, அதே கடைக்குக் கொண்டுபோய் ஒரு குளியல் சோப் கேட்டாராம். கடைக்காரர் மறுத்துவிட்டார். உங்கள் கையிலிருந்து என் கைக்கு வரும்போது பணமாக இருந்தது, என் கையிலிருந்து உங்கள் கைக்கு வரும்போது மட்டும் எப்படி ஐயா இனிப்பாக மாறிவிடுகிறது என்று கேட்டு முடித்திருந்தார். நியாயமான கேள்வி. அதே வாரத்தில் ஒரு சிறு கடைக்காரரின் பதில் கடிதமும் வந்தது. காலையில் கடை திறந்ததும் இருபது ரூபாய்ச் சாமானுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறவர்கள் வரிசையாக வந்தால், கமிஷன் கொடுத்து வாங்கி வைத்த சில்லறையும் பத்து மணிக்குள் தீர்ந்துவிடுகிறது, மிட்டாய் டப்பா ஒன்றுதான் மிச்சம் என்று எழுதியிருந்தார். அதுவும் நியாயம்தான். பஸ் கண்டக்டர் மட்டும் இந்த வழக்கில் தப்பித்துக்கொண்டார். அவர் டிக்கெட்டின் பின்புறம் பாக்கியை எழுதிக் கொடுத்துவிடுகிறார். இறங்கும் அவசரத்தில் வாங்க மறந்தால் அது நம் கணக்கு.

இதைவிடச் சுவையானது பத்து ரூபாய் நாணயத்தின் கதை. ரூபாய்க்கான ₹ சின்னத்தை மத்திய அரசு ஏற்றது 2010 ஜூலையில். அதற்கு முன் அச்சடித்த நாணயத்தில் அந்தச் சின்னம் இருக்க வழியில்லை. ஆனால் சின்னம் இல்லாதது கள்ள நாணயம், பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் போலி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஊரெல்லாம் பரவிவிட்டது. ரிசர்வ் வங்கி 2016 நவம்பரில் ஒருமுறையும், 2018 ஜனவரி 17 அன்று இன்னொருமுறையும் விளக்கம் கொடுத்தது. பதினான்கு விதமான பத்து ரூபாய் நாணயங்கள் வெளியிடப்பட்டிருக்கின்றன, பதினான்கும் செல்லும் என்று தெளிவாகச் சொன்னது. அதன் பிறகும் சென்னையில் தடையில்லாமல் ஓடிய நாணயம் நம் பக்கத்துக் கடைகளிலும் பஸ்களிலும் ஓடவில்லை.

அந்தச் சமயத்தில் வந்த ஒரு கடிதம் இது. சென்னை சென்ட்ரலில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறும்போது என் சட்டைப்பையில் ஏழு பத்து ரூபாய் நாணயங்கள் உயிரோடு இருந்தன. காலையில் திருப்பூரில் இறங்கி டீ குடிக்கப் போனால் ஏழும் இறந்துவிட்டதாக டீக்கடைக்காரர் சொல்கிறார். வழியில் எந்த ஸ்டேஷனில் உயிர் போனது என்று ரயில்வே நிர்வாகம் விசாரணை நடத்தவேண்டும். சாராம்சம் இவ்வளவுதான். திட்டு ஒரு வார்த்தைகூட இல்லை. நம் வீதியில் ஒரு மளிகைக்காரர் இதை நறுக்கிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி, ‘இங்கே பிழைத்துக்கொள்ளும்’ என்று கீழே பேனாவால் எழுதிவைத்தார். வந்தவர்களெல்லாம் படித்துச் சிரித்துவிட்டு வீட்டு உண்டியலில் கிடந்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்த மனிதருக்கு ஆறு மாதம் சில்லறைக் கஷ்டமே இல்லை. வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்தார். அவரிடம் வாங்கியவர்கள் பக்கத்துக் கடையில் நீட்ட, அங்கேயும் வாங்க ஆரம்பித்தார்கள். ரிசர்வ் வங்கி அறிவிப்பு சாதிக்காததை ஒரு துண்டுக் காகிதம் அந்த வீதியில் சாதித்துவிட்டது.

உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்ட விவரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கலாம், அதுவரை அவை செல்லுபடியாகும். அதற்குமேல் மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினால் முடியாது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஐம்பது காசு இன்றைக்கும் சட்டப்படி செல்லும், ஆனால் பத்து ரூபாய் வரை மட்டும். இருபத்தைந்து காசும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30-உடன் விடைபெற்றுவிட்டன. இப்போது எல்லாக் கடையிலும் க்யூ.ஆர். அட்டை வந்துவிட்டதால் மிட்டாய்க் கடிதங்கள் குறைந்துவிட்டன. அதற்குப் பதிலாக, வாடிக்கையாளர் எவ்வளவுக்கு வாங்கினார் என்பதை வீதி முழுக்கக் கேட்கும்படி அறிவிக்கும் பேசும் பெட்டியைப் பற்றிக் கடிதம் வருகிறது. கடன் பாக்கி வைத்திருக்கும் கடைக்கு எதிர்க்கடையில் சாமான் வாங்க முடியவில்லையாம்!

அடுத்து, போர்டு. கடைப் பெயர்ப்பலகை தமிழில் இருக்கவேண்டும், பிற மொழிகள் அதற்கு அடுத்துத்தான், தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, மற்றதற்கு இரண்டு என்பது கடைகள் நிறுவனங்கள் விதி. அளவை ஆய்வாளர் பார்ப்பார். எழுத்துப்பிழையைப் பார்க்க வாசகர்கள் இருக்கிறார்கள். ‘மொத்த வியாபாரம்’ என்பதை ‘மெத்த வியாபாரம்’ என்று எழுதியிருந்த கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்று ஒருவர் எழுதினார். ‘பனியன்’ என்பது ‘பணியன்’ ஆனதைப் பார்த்த இன்னொருவர், பனியன் நகரத்தில் பனியனுக்கே இந்தக் கதியா என்று வருத்தப்பட்டார். சில்லறையா, சில்லரையா என்று ஒரு மாதம் கடிதச் சண்டை நடந்தது. கடைசியில் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வந்து வல்லின ‘ற’தான் சரி என்று தீர்ப்புச் சொன்னார். எந்த ‘ற’ போட்டாலும் கண்டக்டர் தரப்போவதில்லை என்று மறுவாரம் ஒருவர் முடித்துவைத்தார்.

நடைபாதைக் கடிதங்கள் கொஞ்சம் காரமானவை. துணிக்கடை வாசலில் சட்டை மாட்டிய பொம்மைகளை வரிசையாக நிறுத்துகிறோம் அல்லவா? அதைப் பார்த்த ஒரு பெண் வாசகர், இந்த ஊரில் பொம்மைகள் நடைபாதையில் நிற்கின்றன, மனிதர்கள் லாரிக்கு நடுவில் நடக்கிறார்கள், பொம்மைகளுக்கு எப்போது வாக்குரிமை கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தார். கையில் குழந்தையோடு ரோட்டில் இறங்கி நடந்தவர் அவர். இதற்குக் கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை என்பது நம் அபிப்பிராயம். கோபித்தவர்கள் இருந்தார்கள். வாசலை முழுக்க மறைத்து மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு எதிர்க்கடைக்குப் போய் இரண்டு மணி நேரம் ஜவுளி எடுக்கிறவர்களைப் பற்றி யார் எழுதுவது என்று கேட்டார்கள். நாம்தான் எழுதவேண்டும். வேறு யார் எழுதுவார்கள்?

கோபமாக எழுதிய கடிதத்தைவிடச் சிரிக்கவைத்த கடிதம் தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய அத்தாட்சி இருக்கிறது. 1909-ஆம் வருஷம். வங்காளத்தில் அகமத்பூர் என்ற ஸ்டேஷன். ஓகில் சந்திர சென் என்பவர் பாசஞ்சர் வண்டியில் வந்துகொண்டிருந்தார். பலாப்பழம் அதிகமாகச் சாப்பிட்டு வயிறு உப்பிவிட்டது. அந்தக் காலத்தில் சாதாரண வகுப்புப் பெட்டியில் கழிப்பறை கிடையாது. வண்டி நின்றதும் இறங்கி ஒதுங்கப் போனார். அவர் வேலையை முடிப்பதற்குள் கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் செம்பு, ஒரு கையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பிளாட்பாரத்தில் விழுந்தார். ஆண் பெண் அத்தனை பேர் முன்னிலையிலும் மானம் போயிற்று. வண்டியும் போயிற்று. தமக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதினார். அந்த கார்டுக்குப் பெரிய அபராதம் போடவேண்டும், இல்லாவிட்டால் பத்திரிகைகளுக்கு எழுதிவிடுவேன் என்பது அவர் போட்ட கடைசி வரி.

அந்தக் கடைசி வரியைக் கவனிக்கவேண்டும். 1909-லேயே பத்திரிகைக்கு எழுதுவேன் என்பது வெள்ளைக்காரன் ரயில்வேயிடம் சொல்லக்கூடிய மிரட்டலாக இருந்திருக்கிறது. இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853 ஏப்ரல் 16-ல். அரை நூற்றாண்டுக்கு மேல் ஜனங்கள் பட்ட கஷ்டம் அது. ஓகில் பாபுவின் கடிதத்துக்குப் பிறகுதான் ஐம்பது மைலுக்கு மேல் போகும் வண்டிகளில் சாதாரணப் பெட்டிக்கும் கழிப்பறை வந்தது என்று ரயில்வேக்காரர்கள் சொல்வார்கள். கடிதம் இன்றும் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்ஜின் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இன்ஜினில் கழிப்பறை 2016-ல்தான் வர ஆரம்பித்தது. அவர்கள் யாரும் பலாப்பழம் சாப்பிடவில்லை போலிருக்கிறது.

நம் பக்கத்திலும் இது பழைய பழக்கம்தான். 1878-ல் சென்னையில் ஆறு இளைஞர்கள் சேர்ந்து எண்பது பிரதிகளோடு ‘இந்து’ பத்திரிகையைத் தொடங்கியதே, தி. முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானதை வெள்ளைக்காரர் பத்திரிகைகள் எதிர்த்து எழுதியதற்குப் பதில் சொல்லத்தான். பாரதியார் புதுச்சேரியில் இருந்த காலத்தில் போலீஸ் கொடுத்த தொல்லையைப் பற்றி அந்தப் பத்திரிகைக்கே கடிதங்கள் எழுதினார். அவ்வளவு பெரிய கவிஞரும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கவில்லை.

லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையில், வசந்தகாலம் பிறந்ததற்கு அடையாளமாக முதல் குயிலின் குரலைக் கேட்டது நான்தான் என்று வருஷா வருஷம் கடிதம் எழுதுவது அங்குள்ளவர்களின் வழக்கம். 1913 பிப்ரவரியில், ஏப்ரலில் வரவேண்டிய குயிலை இப்போதே கேட்டுவிட்டேன் என்று ரிச்சர்ட் லிடெக்கர் என்ற பெரிய விலங்கியல் அறிஞர் எழுதினார். ஒரு வாரத்தில் அவரே இன்னொரு கடிதம் எழுதினார். கூவியது குயில் அல்ல, கொத்தனாரிடம் வேலை பார்க்கும் ஓர் ஆள்! நூறு வருஷம் தாண்டியும் அவர் பெயர் இதற்காகவே சொல்லப்படுகிறது, மரியாதையோடு.

சிரிப்போடு நின்றுவிட்ட கடிதங்களும் உண்டு. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து நம் ஊர் நடுவே ஓடிக் காவிரியில் சேரும் நொய்யலைப் பற்றி ஒரு காலத்தில் வேடிக்கையாக எழுதாதவர் கிடையாது. வெளிநாட்டில் இந்த சீசனுக்கு எந்த நிறம் எடுக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆர்டர் பேப்பரைப் பார்க்கவேண்டாம், ஆற்றைப் பார்த்தால் போதும் என்பது ஊர் முழுக்க அடிபட்ட நகைச்சுவை. ஊர் சிரித்தது. கீழ்ப்புறத்தில் ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டிய விவசாயிகள் சிரிக்கவில்லை. எந்த ஊரிலும் அணையைத் திற என்று விவசாயி போராடுவான். அங்கே திறக்காதே என்று போராடினார்கள். கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே வராத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே மூச்சில் நின்றன. சாயமேற்ற வழியில்லாமல் துணி தேங்கியதும், சொன்ன தேதிக்குச் சரக்கு கொடுக்க முடியாமல் ஊர் தவித்ததும், வாரச் சம்பளத்துக்கு அல்லாடியதும் நம் உறுப்பினர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முதலில் வேடிக்கையாகச் சொன்னார்கள், அப்புறம் அழுதார்கள், அதற்கப்புறம் கோர்ட்டுக்குப் போனார்கள். வேடிக்கையாகச் சொன்ன காலத்திலேயே காது கொடுத்திருந்தால் செலவு குறைந்திருக்கும்.

இப்போது கடிதம் எழுதுகிறவர்கள் குறைந்து வருகிறார்கள். ஒரு குழி கண்ணில் பட்டால் போன் எடுத்துப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். இருநூறு பேர் பார்த்துக் கைகூப்பும் பொம்மை போடுகிறார்கள். குழி அங்கேயே இருக்கிறது. கடையைப் பற்றிப் புகார் என்றாலும் பெயர் தெரியாத ஒருவர் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போய்விடுகிறார். என்ன குறை, யார் அவர், ஏன் கோபம் ஒன்றும் தெரியாது. பத்திரிகைக்கு எழுதுகிறவர் பெயரும் ஊரும் போட்டுக் கையெழுத்திடவேண்டும். ஆசிரியர் பகுதியில் ஒருவர் படித்துத் தணிக்கை செய்வார். மறுபக்கத்துப் பதிலுக்கும் அங்கே இடம் உண்டு. அஞ்சலட்டை 1879-ல் காலணாவுக்கு வந்தது. பல வருஷங்களாக ஐம்பது காசிலேயே நிற்கிறது. இந்த விலையில் நமக்கு இவ்வளவு பெரிய விளம்பரம் வேறு எங்கே கிடைக்கும்?

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம், சமீபத்தில் நம் கடைவீதி ஒன்றைப் பற்றி வந்த கடிதம். பேரனைப் பள்ளிக்கு அனுப்பும் ஒரு தாத்தா எழுதியது. காலை ஒன்பது மணிக்கு லாரியை நடுவீதியில் நிறுத்திச் சரக்கு இறக்குகிறார்கள். பள்ளி வேன் பின்னால் நிற்கிறது. வேனில் உட்கார்ந்தபடி இறங்கும் பண்டல்களை எண்ணி எண்ணியே என் பேரன் நூறு வரை கற்றுக்கொண்டுவிட்டான், ஆகவே பள்ளிக்கட்டணத்தில் பாதியை லாரிக்காரருக்குத்தான் கொடுக்கவேண்டும் என்கிறார். படித்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து வந்த மூன்று கடிதங்களில் சிரிப்பு இல்லை. பகலில் சரக்கு லாரியே வீதிக்குள் வரக்கூடாது என்று தடை போடச் சொல்கின்றன. அப்படி ஒரு உத்தரவு வந்தால் இரவில் இறக்கக் கூலி கூடும். வெளியூரிலிருந்து காலையில் வந்து சாயங்காலம் திரும்பும் சில்லறை வியாபாரிக்கு அன்றைக்கே சரக்கு கட்டிக் கொடுக்க முடியாது. அவர் வேறு ஊர் பார்த்துக்கொள்வார்.

தாத்தா கேட்டது தடை அல்ல. பள்ளி நேரத்தில் வழிவிடுங்கள் என்பதுதான். எட்டிலிருந்து ஒன்பதரை வரையும், மாலையில் பள்ளி விடும் அரை மணி நேரமும் லாரி நிறுத்தாமல் இருக்க நம்மால் முடியும். லாரி ஆபீஸ்காரர்களிடம் பேசியாயிற்று, அவர்களும் சம்மதிக்கிறார்கள். அதை நாமே அதே பகுதியில், அந்தத் தாத்தாவுக்குப் பதிலாக, சங்கத்தின் பெயர் போட்டு எழுதவேண்டும். பேரன் இருநூறு வரை எண்ண இனி வேறு வழி பார்க்கவேண்டியிருக்கும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் ஆசிரியரும் வெட்டாமல் போடுவார். வரும் செயற்குழுவில் இதை வைக்கிறோம். கையெழுத்து நன்றாக உள்ளவர்கள், ‘ற’வுக்கும் ‘ர’வுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள், அன்றைக்கு ஒரு பேனாவோடு வந்தால் நல்லது.